சேந்தன் தோட்டத்துப் புல்

ஊருக்கு ஒரு ராஜா இருந்து, அவர்களால் யாருக்கும் காலணா பிரயோசனம் இல்லாத காலம் அது. அந்தக் காலத்தில், மணல்மேடு என்ற ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் சேந்தன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான்.

சேந்தனுக்கு மூன்று பெருமைகள் உண்டு. ஊரிலேயே பெரிய கிடங்கு அவனுடையது. ஊரிலேயே பெரிய தொப்பை அவனுடையது. ஊரிலேயே பச்சையான புல்தரை அவன் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. கிடங்குக்கும் தொப்பைக்கும் ஒன்றும் ஆகவில்லை. புல்தரைதான் போச்சு. அது எப்படிப் போச்சு, எப்படி வந்தது என்பதுதான் கதை. கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வீட்டுக்குப் புல்தரை எதற்கு, ஆடு மேயவா என்று கேட்பீர்கள். அந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெண் கேட்டு வந்தால், மாப்பிள்ளையின் அம்மா முதலில் பலகாரத்தைப் பார்க்கமாட்டாள், பெண்ணைப் பார்க்கமாட்டாள். நேராகத் தோட்டத்துக்குப் போவாள். புல்லைக் கைக்கு அடங்கின மட்டும் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பாள். புல் அறுந்து கையோடு வந்தால் சம்பந்தம் முடிந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடவேண்டும். அந்த வீட்டுக்குப் பிடிமானம் இல்லை என்று அர்த்தம். ஜாதகம் பார்ப்பதைவிட இது மோசமில்லை. புல்லுக்குத் தட்சிணை கொடுக்கவேண்டியதில்லை பாருங்கள்.

சேந்தனுக்கு ஒரே மகள், பெயர் வெண்ணி. அவள் திருவிழாவுக்காகத் தன் அம்மா நங்கையோடு மாமன் ஊருக்குப் போயிருந்தாள். போன இடத்தில் ஆதன் என்ற பையனைப் பார்த்தாள். அவன் அக்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. அவனும் இவளைப் பார்த்தான். அப்புறம் திருவிழாவை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இங்கே சேந்தன் வீட்டில் தனியாக இருந்தான். தனியாக இருக்கும் ஆம்பிளைக்குப் புத்தி எங்கே போகும்? அவனுக்கு உப்பில் போயிற்று. விலை ஏறட்டும், அப்புறம் விற்கலாம் என்று உப்பை விற்காமல் அடைத்தான். கிடங்கு நிரம்பியது. கூடம் நிரம்பியது. கட்டிலுக்கு அடியும் நிரம்பியது. அப்படியும் உப்பளத்திலிருந்து வண்டி வந்துகொண்டே இருந்தது. "வெயில் காலம்தானே, மழையா வரப்போகுது?" என்று மிச்ச மூட்டைகளைத் தோட்டத்துப் புல்தரைமேல் ஆள் உயரத்துக்கு அடுக்கினான்.

மழை வந்தது. அதுவும் எப்படிப்பட்ட மழை! வானத்துக்கும் சேந்தனுக்கும் பழைய பகை இருந்த மாதிரி வந்தது. விடிந்து பார்த்தால் மூட்டை எல்லாம் சப்பென்று கிடந்தது. உப்பு மொத்தமும் கரைந்து மண்ணுக்குள் போய்விட்டது. புல் முதலில் வாடியது, பிறகு கருகியது, பிறகு காணாமலே போனது. சேந்தன் வெறும் சாக்கை எல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டான்.

நங்கையும் வெண்ணியும் திரும்பி வந்தார்கள். நங்கையின் தம்பி பூதனும் துணைக்கு வந்தான். மூன்று பேரும் தோட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

"என்னங்க இது?" என்றாள் நங்கை.

"கண்ணேறு" என்றான் சேந்தன். "ஊர்க் கண்ணு மொத்தமும் நம்ம புல்லுமேலதானே இருந்துச்சு?"

"என்ன அத்தான் இது?" என்றான் பூதன்.

"வெயில் மச்சான். இந்த வருஷம் என்ன வெயில்ங்கிறே!"

"என்னப்பா இது?" என்றாள் வெண்ணி.

"கழுதைம்மா. வண்ணான் கழுதை வந்து புரண்டுட்டுப் போயிடுச்சு."

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னான். உண்மையை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. நங்கை பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். பூதன் பந்தல் போட்டு நிழல் கொடுத்தான். வெண்ணி கழுதை வராமல் வேலிக்கு முள் வைத்துக் கட்டினாள். மூன்று பேரும் மும்முரமாக வேலை செய்வதைப் பார்க்கச் சேந்தனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்பட்டுக்கொண்டே சாப்பிட்டான், சங்கடப்பட்டுக்கொண்டே தூங்கினான்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஆள் வந்தது. அறுவடை முடிந்ததும் ஆதனுக்கு வெண்ணியைக் கேட்டு வருகிறோம், தோட்டத்தில் புல்லை இழுத்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று சேதி. வெண்ணி அடுப்படிக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள். அவள் சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சேந்தன் தோட்டத்துக் கட்டாந்தரையைத் திரும்பிப் பார்த்தான்.

உடனே வீட்டில் ஒரு சண்டை மூண்டது. உலகத்தில் எத்தனையோ சண்டை உண்டு. மண்ணுக்காக, பொன்னுக்காக எல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். புல்லுக்காக மச்சானும் அத்தானும் அடித்துக்கொண்டது இந்த வீட்டில்தான்.

"விதைதான் போடணும்" என்றான் சேந்தன். "மேய்ச்சல் காட்டுல உதறி எடுத்த நல்ல புல் விதையாப் போட்டா, இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே வேர் விடும். பொறுமை வேணும் மச்சான், பொறுமை."

"விதை முளைக்கறதுக்குள்ள வெண்ணிக்குப் பேரன் பிறந்துடுவான்" என்றான் பூதன். "எங்க ஊர் ஏரிக்கரையில புல்லை மண்ணோட சேர்த்துப் பாளம் பாளமா வெட்டி வண்டியில ஏத்திட்டு வரேன். பாய் விரிக்கிற மாதிரி விரிச்சா முடிஞ்சுது. காலையில கட்டாந்தரை, சாயங்காலம் பச்சைப் பசேல்!"

சேந்தன் விதைக்கு ஏன் இப்படிக் கொடி பிடித்தான் தெரியுமா? விதை முளைக்காவிட்டால் பழி போட ஆயிரம் இடம் உண்டு. பொறுமை, பொறுமை என்று அவன் பேசியதெல்லாம் திருட்டு முழியை மறைக்கத்தான்.

முதல் தடவை விதைத்தான். முளைக்கவில்லை. "எறும்பு தின்னுடுச்சு" என்றான். இரண்டாம் தடவை விதைத்தான். முளைக்கவில்லை. "குருவி கொத்திடுச்சு" என்றான். மூன்றாம் தடவை, எறும்புக்குச் சாம்பலும் குருவிக்கு வலையும் போட்டு விதைத்தான். அங்கங்கே நாலு முளை எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்த இடம் பிடிக்காமல் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டது. "விதைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். மூன்று தடவையும் உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னான்.

அதற்குமேல் பூதன் பொறுக்கவில்லை. தோட்டத்துக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டினான். "அந்தப் பக்கம் உங்க விதையை வெச்சுட்டு நீங்க தவம் பண்ணுங்க அத்தான். இந்தப் பக்கம் என்னோடது" என்று வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பாளங்களோடு வந்து இறங்கினான். விரிப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், மண்ணு வெள்ளையா பூத்திருக்கு?" என்று கேட்டான்.

"உங்க அக்கா கோலமாவைக் கொட்டிட்டா" என்றான் சேந்தன்.

"நானா?" என்று உள்ளேயிருந்து நங்கையின் குரல் வந்தது. சேந்தனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே வாசல் பக்கம் போனவன், பூதன் பாளத்தை எல்லாம் விரித்து முடிக்கும் வரைக்கும் இருமினான்.

பாளம் விரித்ததும் அந்தப் பாதி பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. பூதன் மீசையை முறுக்கினான், தெருவில் போனவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். நங்கைக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சல். புருஷன் பக்கம் பேசினால் தம்பி முறைக்கிறான், தம்பி பக்கம் பேசினால் புருஷன் சோற்றில் உப்பு இல்லை என்கிறான். "கயித்துக்கு நடுவுல என்னையும் கட்டிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

வெண்ணிதான் தினமும் இடுப்பில் குடத்தோடு இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் தெளித்தாள். தெளித்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாகத் தடவிப் பார்ப்பாள். போகப் போகப் பாளத்தின் நுனியும் காந்த ஆரம்பித்தது. ஒரு நாள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, எவ்வளவு தண்ணி விட்டும் புல்லு கருகுதே. நான் ராசியில்லாதவளாப்பா?"

சேந்தன் அவள் கையைப் பார்த்தான். பெற்ற மகள், அவள் கையில் குடம் தூக்கித் தூக்கிக் காய்ப்பே வந்துவிட்டது. இதோ சொல்லிவிடலாம், நான்தான் மூட்டையை அடுக்கினேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "போம்மா, அதெல்லாம் சரியாகிடும்" என்று வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தொப்பை பட்டினி கிடந்தது அன்று ஒரு நாள்தான்.

அறுவடை முடிந்தது. சொன்னபடி ஆதனின் அம்மா பெருங்கோதை, சொந்தபந்தத்தோடு பரிசல் ஏறி வந்து இறங்கினாள். மாடு பிடித்துப் பழகிய கை அந்த அம்மாளுக்கு. முரட்டுக் காளையே அவள் கயிற்றைப் பிடித்தால் முனகிக்கொண்டு நிற்குமாம். ஊரே வேலியைச் சுற்றிக் கூடிவிட்டது. வேலை வெட்டி இல்லாத ராஜாகூடத் தூரத்தில் பல்லக்கை நிறுத்தி எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

பெருங்கோதை கயிற்றைப் பார்த்தாள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டாந்தரையைப் பார்த்தாள், இந்தப் பக்கம் நுனி கருகின பச்சையைப் பார்த்தாள். பச்சைப் பக்கம் குனிந்து, ஒரு பிடி புல்லைப் பிடித்து, இழுத்தாள்.

வேரோடு வந்தால்கூடப் பரவாயில்லையே! தரையோடு வந்தது! ஒரு பாளம் முழுசாக, ஓரம் சிதறாமல், ஆப்பச்சட்டியிலிருந்து ஆப்பம் வருகிற மாதிரி அந்த அம்மாள் கையில் தொங்கியது. வேர் ஒன்றுகூட அடிமண்ணைத் தொட்டிருக்கவில்லை. பாளம் இருந்த இடத்தில் மண் வெள்ளை வெளேர் என்று பொரிந்து கிடந்தது.

பூதன்தான் முதலில் சுதாரித்தான். "திருநீறு!" என்று கூவினான். "பூமியிலேயே திருநீறு விளையுது! சாமி இந்த வீட்டுக்குள்ள வந்துட்டார்!"

கேட்கவேண்டுமா? ஊர் ஜனம் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கோயில் பூசாரி எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து, பாளம் பாளமாகப் புரட்டிப் போட்டு, அள்ளி அள்ளி நெற்றியில் பூசினார். கழுத்தில் பூசினார். நம்பிக்கை முற்றிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு இமைமேலும் பூசினார். நல்ல உச்சி வெயில். வியர்வை வழிந்தது. வழிந்த வியர்வை கண்ணுக்குள் இறங்கியதும், "ஐயோ, எரியுதே, எரியுதே!" என்று பூசாரி குதித்த குதியை அந்த ஊர் வேறு எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. பின்னாலேயே ஊரும் குதித்தது.

பெருங்கோதை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "உப்பு" என்றாள். "எங்க மாடு நக்கறதுக்குப் போடுவோமே, அதே உப்பு."

பிறகு கையில் இருந்த பாளத்தைக் கீழே போட்டுவிட்டு, "இந்தப் புல்லைப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

எல்லாக் கண்ணும் பூதன்மேல் திரும்பியது. பூதன் தலையைக் குனிந்தான். பாவம், அன்றைக்குப் பார்த்த வெள்ளை கோலமாவுதான், தான் வெட்டிக்கொண்டு வந்த பாளத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவனே நம்பிவிட்டான். "ஏரிக்கரை மண்ணுலயே உப்பு இருந்திருக்கும் போல. என்னாலதான் எல்லாம்" என்றான். நங்கை தம்பியை முறைத்தாள். வெண்ணி, "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சேந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். பழி மச்சான் தலையில், மாமன் செய்த பிழைக்குப் பெண் என்ன செய்வாள் என்று நாலு பேர் சமாதானம் பேசுவார்கள், இன்னொரு நாள் இழுத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதைவிட எளிய வேலை உலகத்தில் உண்டா? ஆனால் மச்சானின் குனிந்த தலை ஒரு பக்கம், மகளின் காய்ப்பு ஏறிய கை ஒரு பக்கம். சேந்தனால் அதற்குமேல் முடியவில்லை.

"அவன் இல்லை, நான்" என்றான்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டியது. விலை ஏறட்டும் என்று உப்பை அடைத்தது, புல்மேல் மூட்டை அடுக்கியது, மழை வந்தது, சாக்கை எரித்தது. கண்ணேறும் பொய், வெயிலும் பொய், கழுதையும் பொய். "மண்ணு கெட்டதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விதையா பாளமான்னு சண்டை போட்டேன். சண்டை நடக்கிற வரைக்கும் யாரும் மண்ணைப் பார்க்கமாட்டாங்கல்ல? எம்மக ராசியில்லாதவ இல்லை தங்கச்சி. எனக்குத்தான் புத்தியில்லை" என்று பெருங்கோதையிடம் சொல்லிவிட்டு, ஊர் பார்க்க அழுதான்.

"பூசணிக்காய் உடைச்சேனே பாவி மனுஷா!" என்றாள் நங்கை.

பெருங்கோதை முந்தானையை உதறிக்கொண்டாள். "வேரோட வந்தா எழுந்து போகணும்கிறது வழக்கம். நான் கிளம்பறேன் அண்ணே."

வெண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். பெருங்கோதை வேலிப்படல் வரைக்கும் போனாள், நின்றாள், திரும்பினாள்.

"திரும்பி வரக்கூடாதுன்னு வழக்கத்துல யாரும் சொல்லலை. மண்ணைச் சரி பண்ணிட்டு ஆள் அனுப்புங்க. நீங்க அந்த மனுஷர்மேல பழியைப் போட்டுட்டு நின்னிருந்தா, நான் இந்தக் கரைப்பக்கம் தலை வெச்சுப் படுத்திருக்கமாட்டேன்."

அடுத்த நாளே சேந்தன் மண்வெட்டியைத் தூக்கினான். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும் என்பது உப்பு வணிகனுக்குச் சொல்லித் தரவேண்டுமா? வாழ்நாள் பூராவும் தண்ணீருக்குப் பயந்து உப்பைக் காப்பாற்றியவன், இப்போது உப்பின்மேலேயே ஆற்றைத் திருப்பினான். தோட்டத்தைச் சுற்றி வரப்பு போட்டான். ஒரு மூலையில் வடிகால் வெட்டினான். தண்ணீர் கட்டினான், ஊறவிட்டான், வடித்தான். மறுபடி கட்டினான், ஊறவிட்டான், வடித்தான். வடிகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பான். கரித்தால் இன்னொரு தடவை. பூதன் பக்கத்திலேயே ஏற்றம் இறைத்தான். அக்கரையிலிருந்து ஆதன் தினமும் பரிசலில் வந்து தொழு உரம் சுமந்து கொட்டினான். உரம் கொட்ட அவ்வளவு நேரம் ஆகாது, ஆனால் அவன் சாயங்காலம் வரைக்கும் கொட்டிக்கொண்டிருந்தான். ஏன் என்று வெண்ணியைக் கேளுங்கள்.

மழைக்காலமும் வந்து மிச்சத்தைக் கழுவிவிட்டுப் போனது. ஒரு நாள் வடிந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தான் சேந்தன். தித்திப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் கரிப்பு இல்லை.

"இனி விதை போட்டுடலாம்" என்றான் உடனே.

"பாளம்தான் அத்தான்" என்றான் பூதன்.

"விதை!"

"பாளம்!"

இந்தத் தடவை ஒளிக்க ஒன்றும் இல்லாததால் சண்டை இன்னும் சுகமாக நடந்தது. கூடத்தில் ஆரம்பித்து, சாப்பாட்டு இலைவரை வந்து, வெற்றிலை மெல்லும்போதும் நடந்தது. விதை எந்தக் காட்டு விதை, பாளம் எந்த ஏரிப் பாளம் என்று அவர்கள் அடித்துக்கொண்டு இருந்தபோதே, வேலியோரம் உப்பு எட்டாத மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த அருகம்புல் மெதுவாகக் கணுக்கணுவாக ஊர்ந்து உள்ளே வந்தது. யாரும் விதைக்கவில்லை, யாரும் விரிக்கவில்லை. நங்கைதான் வந்து, "ரெண்டு பேரும் காலைக் கொஞ்சம் தூக்குங்க, புல்லு போகணுமாம்" என்றாள். குனிந்து பார்த்தால் தோட்டம் பாதி பச்சையாகிவிட்டிருந்தது.

பெருங்கோதைக்கு ஆள் போனது. அந்த அம்மாள் வந்தாள். கொஞ்சமும் தயவு பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலை அழுத்தி ஊன்றி, பெரிய பிடியாகப் பிடித்து, காளையை இழுக்கிற இழுப்பு இழுத்தாள். வெண்ணி மூச்சே விடவில்லை. சேந்தன் கண்ணைத் திறக்கவில்லை.

புல் டப்பென்று அறுந்தது. பெருங்கோதை மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, கையில் இருந்த புல் நுனியைத் தூக்கிக் காட்டி, "என் இடுப்பு போனாலும் போச்சு, சம்பந்தம் முடிஞ்சுது!" என்று சிரித்தாள். வெண்ணி ஓடிவந்து மாமியாரைத் தூக்கிவிட்டாள். அந்தப் புல்லின் மேலேயே பாய் போட்டுத் தாம்பூலம் மாற்றினார்கள்.

இதில் நீதி என்ன என்று கேட்டால், அடியில் கெட்டுப்போனதை ஒப்புக்கொண்டு கழுவாதவன் மேலே எதைப் போட்டு மூடினாலும் அது நிலைக்காது.